8 சென்ரிமீற்றரும் 77 கிலோமீற்றரும்: கண்டியின் தூரக் கணக்கு

 

கண்டியிலிருந்து நுவரெலியா எவ்வளவு தூரம் என்று கேட்டால் பஸ்ஸில் போய்ப் பழகியவர்கள் 77 கிலோமீற்றர் என்பார்கள். எமது பெரியவர்கள் 48 கட்டை என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். ஆனால் நில அளவைத் திணைக்களத்தின் 1:500,000 இலங்கைப் படத்தை மேசையில் விரித்து, இரண்டு ஊர்களுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். 8 சென்ரிமீற்றர் கூட முழுதாக வராது. அந்தப் படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 5 கிலோமீற்றர். அப்படியானால் நேர்கோட்டில் 39 கிலோமீற்றர் அளவுதான் வருகிறது. மீதி 38 கிலோமீற்றர் எங்கே போனது?

இந்தப் பதிவு அந்த 38 கிலோமீற்றரைப் பற்றியதுதான். கண்டி இராச்சியம் மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கு முன்னால் அத்தனை காலம் நின்று பிடித்ததும், எமது முன்னோர் இந்த மலைநாட்டில் பிழைத்து வேரூன்றியதும், படத்துத் தூரத்துக்கும் பாதைத் தூரத்துக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசத்துக்குள்தான் என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைகள் இதைப் பரீட்சைக்கான ஒரு கணக்காக மட்டும் படித்துவிட்டுப் போகக்கூடாது.

முதலில் கணக்கு.

வரைபடத்தின் அடியில் 1:50,000 என்று எழுதியிருந்தால், படத்தில் ஒரு பங்கு நிலத்தில் ஐம்பதாயிரம் பங்கு என்று பொருள். இதை வகைக்குறிப் பின்னம் என்கிறோம். படத்தில் 1 சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது 500 மீற்றர். 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். எமது பிள்ளைகள் சாதாரண தரத்தில் வாசிக்கும் இடவிளக்கப்படம் இதுதான். கண்டி நகரிலிருந்து பேராதனைப் பூங்கா படத்தில் 11 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். இரண்டால் வகுத்தால் ஐந்தரைக் கிலோமீற்றர்.

இதற்கு முன் புழக்கத்தில் இருந்தது ஓரங்குலப் படம். ஓர் அங்குலம் ஒரு மைல். ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் இருப்பதால் அதன் அளவுத்திட்டம் 1:63,360. பார்க்க விகாரமான எண்ணாக இருந்தாலும் பாவிக்க மிக இலகுவான படம் அது. பெருவிரலின் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம். விரலை வைத்தே மைல் சொல்லிவிடலாம். இன்றும் அக்குறணையில் 6ஆம் கட்டை, 7ஆம் கட்டை என்று இடங்களுக்குப் பெயர் வழங்குகிறது. மைல் கற்கள் போய் கிலோமீற்றர் கற்கள் வந்த பிறகும் பெயர் போகவில்லை. அந்தப் பெயர்கள் எமது நாவில் தங்கிவிட்ட ஒரு பழைய அளவுத்திட்டம்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மைல் வருவதற்கு முன் கண்டி இராச்சியத்தில் தூரத்தை எப்படிச் சொன்னார்கள்? சிங்கள மக்களிடம் ‘ஹூவ’ என்று ஓர் அளவு இருந்தது. ஒருவர் ‘ஹூ’ என்று கூவினால் அந்தச் சத்தம் கேட்கும் தூரம். ஏறக்குறைய கால் மைல். பெரிய தூரத்துக்கு ‘கவ்வ’. அது நான்கு மைல் அளவு. இந்த அளவுகள் குரலிலும் காலிலும் இருந்து பிறந்தவை. மலையில் ஒரு கவ்வ என்பது ஒரு மனிதன் இவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற செய்தி. நேர்கோடு யாருக்கும் தேவைப்படவில்லை, நேர்கோட்டில் யாரும் நடக்க முடியாது என்பதால்.

அந்தப் பாதைகளை நன்றாக அறிந்தவர்களில் எமது முன்னோரும் இருந்தார்கள். கண்டி மன்னர்களின் ஆட்சியில் ‘மடிகே பத்த’ என்ற போக்குவரத்துப் பிரிவு இருந்தது. பொதிமாடுகளை ஓட்டிச் செல்லும் தவளம் அதன் வேலை. அந்தச் சேவையில் முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டார்கள். கரையிலிருந்து உப்பு, கருவாடு, துணி மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். கலகெதர மடிகே போன்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் எச்சம். புத்தளத்து உப்பளங்களிலிருந்து கண்டிக்கு நேர்கோட்டில் 120 கிலோமீற்றர் அளவு வரும். 1:500,000 படத்தில் 24 சென்ரிமீற்றர், ஒரு சாதாரண அடிமட்டத்துக்குள் அடங்கிவிடும் தூரம். தவளக்காரருக்கோ அது எத்தனை அம்பலம், எத்தனை ஆற்றுத்துறை, மாடு எங்கே தண்ணீர் குடிக்கும், மழை பெய்தால் எந்தக் கணவாய் வழுக்கும் என்ற கணக்கு. அவருடைய அளவுத்திட்டம் மாட்டின் கால்.

எமது ஃபிக்ஹ் நூல்களிலும் இதே முறையைக் காணலாம். ஷாஃபிஈ மத்ஹபில் பயணத் தொழுகைக்கான தூரம் இரண்டு மர்ஹலா என்று சொல்லப்படுகிறது. மர்ஹலா என்பது சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் போகும் வழித்தூரம். பின்னர் அது 16 பர்ஸக், 48 மைல் என்று எண்களாக்கப்பட்டது. அந்த மைலை இன்றைய கிலோமீற்றருக்கு மாற்றும் வேலையை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அங்கேயும் தூரம் என்பது பயணி உண்மையில் கடக்கும் பாதை. பறவை பறக்கும் கோடு அல்ல.

கண்டி மன்னர்களுக்கு இந்த வித்தியாசத்தின் பெறுமதி நன்றாகத் தெரியும். 1660இல் சிறைப்பட்டு 1679 வரை மலைநாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். நாட்டுக்குள் பயணம் செய்வது இலகுவாகக் கூடாது, பாதைகள் சிக்கலாகவே இருக்க வேண்டும் என்பது மன்னனின் விருப்பம் என்று அவர் எழுதினார். பாதைகள் ஒடுக்கமாகவே விடப்பட்டன. கணவாய்களில் ‘கடவத’ எனும் முட்கதவுகள் போடப்பட்டன. நொக்ஸ் எப்படித் தப்பினார் தெரியுமா? சில்லறைச் சாமான்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றுத் திரிந்தார். வியாபாரி என்ற பெயரில் ஒவ்வொரு பாதையாகத் தெரிந்துகொண்டு, கடைசியில் அநுராதபுரம் வழியாக நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய நூலில் இலங்கையின் வரைபடம் ஒன்றும் இருந்தது. நடந்து தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த மனிதரால் நாட்டைப் பற்றி அப்படி எழுத முடிந்தது.

நடந்து அறியாமல் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று 1803 சொல்கிறது.

அந்த வருடம் ஆளுநர் பிரெடரிக் நோர்த் இரண்டு படைகளைக் கண்டிக்கு அனுப்பினார். ஒன்று கொழும்பிலிருந்து, மற்றது திருகோணமலையிலிருந்து. பெப்ரவரியில் இரண்டும் கண்டியை அடைந்தன. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மலைகளுக்குள் போயிருந்தான். முத்துசாமியை அரியணையில் ஏற்றிவிட்டு, ஒரு காவற்படையையும் வைத்துவிட்டுப் பெரும்படை திரும்பிவிட்டது. உள்ளே வருவது அவ்வளவு இலகுவாக இருந்தது. அதன் பிறகு காய்ச்சல் வந்தது, உணவு வரவில்லை. ஜூன் மாதம் கண்டிப் படைகள் சூழ்ந்துகொள்ள, மேஜர் டேவி சரணடைந்து திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்றுப் புறப்பட்டார். அந்தப் படையில் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். மறுபக்கத்தில் மன்னனிடமும் மலாய்க்காரர்கள் இருந்தார்கள்.

அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள்? வட்டாபுளுவ வரை. கண்டி அரண்மனையிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவு. 1:50,000 படத்தில் 6 சென்ரிமீற்றர். அங்கே மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க வழியில்லை. படத்தில் அந்த ஆறு மெல்லிய நீல நிறப் பட்டை, அகலம் இரண்டு மில்லிமீற்றர் கூட இருக்காது. அந்த இரண்டு மில்லிமீற்றரைத் தாண்ட முடியாமல் கரையில் நின்றார்கள். முத்துசாமி கையளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டான். பின்னர் படையினரில் பெரும்பாலானோரும் கொல்லப்பட்டார்கள். டேவி கைதியாகவே கண்டி நாட்டில் இறந்தார். இன்று அந்த இடத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு முச்சக்கரவண்டியில் சில நிமிடங்களில் போய்விடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் படத்தையும் கையில் கொண்டு போங்கள்.

அடுத்த வருடமே இன்னொரு திட்டம். கரையோரத்தின் பல இடங்களிலிருந்து படைகள் புறப்பட்டு ஒரே நேரத்தில் கண்டியில் சந்திப்பது. படத்தில் பார்த்தால் அழகான திட்டம், சக்கரத்தின் ஆரைகள் எல்லாம் நடுவில் சேர்வதுபோல. நடைமுறையில் அது சாத்தியமில்லை என்று கண்டு கைவிடப்பட்டது. ஆனால் மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்ட்டன் தமக்குக் கிடைத்த கட்டளையைக் கண்டிக்குப் போகும் கட்டளையாகவே விளங்கிக்கொண்டார். 300 பேர் அளவிலான படையுடன் புறப்பட்டு, 1804 ஒக்டோபரில் கண்டியை அடைந்து பார்த்தால் வேறு ஒருவரும் வரவில்லை. மட்டக்களப்பிலிருந்து கண்டி நேர்கோட்டில் 127 கிலோமீற்றர் அளவு. அதற்கு அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. இன்று ஒரு நாளுக்குள் போய்த் திரும்பும் தூரம் அது. பிறகு அவர் திருகோணமலை வரை சண்டையிட்டுக்கொண்டே திரும்பினார். பலரை இழந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவரே பின்னர் ஒரு நூல் எழுதினார்.

1815இல் கண்டி வீழ்ந்தபோது அது படைபலத்தால் மட்டும் வீழவில்லை. பிரதானிகள் மன்னனைக் கைவிட்டதுதான் பெரிய காரணம். பாதை தெரிந்தவர்கள் பக்கம் மாறியதும் முட்கதவுகள் பயனற்றுப் போயின. நாட்டைப் பிடித்த பிரித்தானியர் அடுத்துச் செய்த வேலையைக் கவனியுங்கள்: படத்துத் தூரத்துக்கும் பாதைத் தூரத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைக் குறைத்தார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி போடப்பட்டது. அதில் உழைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் நாம் பஸ்ஸிலிருந்து பார்க்கும் உயர்ந்த கோபுரம் அவருடைய நினைவுச் சின்னம். அந்த வீதி 72 மைல், அதாவது 116 கிலோமீற்றர். நேர்கோட்டில் 95. ஆக, நூறு கிலோமீற்றர் நேர்கோட்டுக்கு 122 கிலோமீற்றர் பாதை. நுவரெலியாவுக்கோ நூற்றுக்கு 197. எந்தப் பக்கம் மலை அதிகம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

பேராதனையில் மகாவலிக்கு மேலே 1830களின் தொடக்கத்தில் முதிரை மரத்தால் ஒரு பாலம் கட்டினார்கள். ஒரே வளைவில் 205 அடி. ஓரங்குலப் படத்தில் இதைக் கீறினால் எவ்வளவு வரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒரு மைலுக்கு 5,280 அடி. 205ஐ 5,280ஆல் வகுத்தால் 0.039 அங்குலம், ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். 1803இல் ஒரு படையையே தடுத்து நிறுத்தியது இதே ஆறுதான்.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. ரயில் பாதை வீதியை விடக் குறுகியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது 75 மைல் அளவு, வீதியை விடக் கூட. காரணம் ஏற்றம். கடுகண்ணாவ ஏற்றத்தில் சரிவு 45க்கு 1. ஓர் அடி உயர 45 அடி ஓட வேண்டும். இதுவும் அளவுத்திட்டம் போல ஒரு விகிதம்தான். இதே சரிவில் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். கண்டி 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,868 மீற்றரில். வித்தியாசம் 1,368. அதை 45ஆல் பெருக்கினால் 61,560 மீற்றர், அதாவது 61 கிலோமீற்றருக்கு மேல். நேர்கோட்டில் எம்மிடம் இருப்பதோ 39 தான். மிச்சத்தை வளைந்து வளைந்துதான் சம்பாதிக்க வேண்டும். நாம் ஆரம்பத்தில் தேடிய 38 கிலோமீற்றரில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

மலை ஏறுவதால் பாதையின் சாய்வே தூரத்தைக் கூட்டிவிடுகிறது என்று மாணவர்கள் சொல்வதுண்டு. கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோமீற்றர் கிடையாகப் போய் 300 மீற்றர் உயர்ந்தால், பைதகரஸ் தேற்றத்தின்படி சாய்வுத் தூரம் 1,044 மீற்றர். அவ்வளவு செங்குத்தான ஏற்றத்திலும் கூடியது 44 மீற்றர் மட்டுமே. தூரத்தைத் தின்பது உயரமல்ல. உயரத்தின் பொருட்டு நாம் எடுக்கும் வளைவுகள்தான்.

அப்படியானால் இந்த மலைகளுக்கு இடையில் நேர்கோட்டுத் தூரத்தை முதலில் யார், எப்படி அளந்தார்கள்? எல்லா இடத்துக்கும் சங்கிலி இழுக்க முடியாது. நீர்கொழும்புக்கு அருகே கந்தவலையில் சமதரையில் ஒரு கோட்டை மிகத் துல்லியமாக அளந்தார்கள். அந்தக் கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு உச்சியைப் பார்த்துக் கோணம் எடுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கிறது. ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் தாமாக வந்துவிடும். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக மலையுச்சிகள் வரை போனார்கள். 1800இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களம் ஓரங்குலப் படங்களுக்கான அளவையை 1897இல் ஆரம்பித்து 1924இல்தான் முடித்தது. நாடு முழுவதற்கும் 27 வருடங்கள்.

இந்தக் கலையில் எமக்கும் ஒரு பரம்பரை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் கலீஃபா மஃமூன் பூமியின் அளவை அறிய விரும்பினார். அறிஞர்கள் ஸிஞ்சார் சமவெளியில், வானத்தில் வடதுருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும் வரை கயிறு பிடித்து அளந்துகொண்டே நடந்தார்கள். ஒரு பாகைக்கு 56 மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்று கண்டார்கள். கயிற்றால் ஒரு சமவெளியை அளந்து முழுப் பூமியின் சுற்றளவைச் சொன்ன கணக்கு அது. ஒரு துண்டு நூலால் ஒரு மாவட்டத்தை அளக்கும் எமது வகுப்பறைக் கணக்கும் அதே வழியில் வந்ததுதான்.

இன்று கைபேசி எல்லாத் தூரத்தையும் சொல்லிவிடுகிறதே, பிறகு ஏன் இது என்று பெற்றோர் கேட்கலாம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, முதலாம் தர அனுமதி. வதிவிட அண்மை என்ற பிரிவில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள நேர்கோட்டுத் தூரம்தான் பார்க்கப்படுகிறது. அதைவிட அண்மையில் இருக்கும் பாடசாலைகளுக்காகப் புள்ளிகள் குறைகின்றன. மகாவலிக்கு இக்கரையில் வீடும் அக்கரையில் பாடசாலையும் இருப்பவர்களுக்கு நேர்கோடும் பாதையும் எவ்வளவு வேறானவை என்று சொல்லத் தேவையில்லை. 1:10,000 படத்தில் ஒரு கிலோமீற்றர் என்பது 10 சென்ரிமீற்றர். கவராயத்தை விரித்து வீட்டை மையமாக வைத்து ஒரு வட்டம் கீறத் தெரிந்த பெற்றோர், விண்ணப்பம் அனுப்பும் முன்பே தமது நிலையை அறிந்துகொள்ளலாம். பிறர் சொல்வதை நம்பி அலைய வேண்டியதில்லை.

இரண்டு, மழைக்காலம். மண்சரிவில் ஒரு வீதி மூடப்பட்டால், கண்ணுக்கு முன்னால் தெரியும் அடுத்த மலையிலுள்ள ஊருக்கு நோயாளியைக் கொண்டுபோக எந்தச் சுற்று வழி, அது எத்தனை கிலோமீற்றர் என்று அறிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சிக்னலும் இருக்காது.

ஆகவே இந்த விடுமுறையில் பிள்ளைகளுடன் இருந்து இதைச் செய்து பாருங்கள்.

1. இரண்டு இடங்களுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்து நேர்கோட்டுத் தூரத்தை அளந்து, அளவுத்திட்டத்தால் கிலோமீற்றராக்குங்கள்.

2. ஒரு பருத்தி நூலை நனைத்துப் பிழிந்து, வீதியின் ஒவ்வொரு வளைவிலும் படிய வைத்து முனையைக் குறியுங்கள். நனைத்த நூல் வழுக்காது. பின்னர் நூலை நீட்டி, படத்தின் அடியிலுள்ள நேர்கோட்டு அளவுத்திட்டத்தில் வைத்து வாசியுங்கள்.

3. பாதைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். வரும் எண்ணை ஊர்ப் பெயருக்கு நேரே எழுதிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. போட்டோப் பிரதி எடுத்த படத்தில் 1:50,000 என்ற எழுத்தை நம்பாதீர்கள். பிரதி பெருத்தாலும் சிறுத்தாலும் எழுத்து மாறாது. அடியிலுள்ள நேர்கோட்டு அளவுத்திட்டம் படத்தோடு சேர்ந்தே பெருக்கும், சிறுக்கும். ஆகவே அதைத்தான் நம்ப வேண்டும். கைபேசித் திரையில் விரித்துப் பார்க்கும் படத்துக்கும் இதே விதி.

அக்குறணை, மடவளை, உடதலவின்ன, கலகெதர, கம்பளை, மாவனெல்லை என்று எல்லா ஊர்களுக்கும் இந்த எண்ணைக் கண்டுபிடித்து ஓர் அட்டவணையாக்கினால், அது எமது பிரதேச வரலாற்றின் முதல் பக்கமாகும். எண் பெரிதாக வரும் ஊரிலுள்ள பெரியவர்களிடம் போய், வீதி வருவதற்கு முன் எந்த வழியால் நடந்தார்கள், தவளம் எங்கே தங்கியது என்று கேளுங்கள். அந்த வழிகளில் பல இன்று எந்தப் படத்திலும் இல்லை. கால்நடையாகப் போனவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை இன்னும் எம்மிடையே இருக்கிறது. அவர்கள் சொல்லும் பாதையைப் படத்தில் பென்சிலால் கீறி, பக்கத்தில் ஊரையும் திகதியையும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். கீறியதை எமக்கும் காட்டுங்கள், ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.